தொட்டியில் விளைகிற சந்தன வாசம்: கறுவா, கராம்பு எண்ணெய்க்காரர் பயப்பட வேணுமா?

நான்காம்_குறுக்கு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பு புறக்கோட்டையில் கறுவா இலை எண்ணெய், கராம்பு எண்ணெய், கொஞ்சம் சாதிக்காய் எண்ணெய் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிற சின்னத் தொழில் எங்களுடையது. அப்பா காலத்தில் இருந்து நடக்கிறது. அண்மையில் ஐரோப்பாவில் இருந்து வழமையாக வாங்குகிற ஒருவர் விலை கேட்டு எழுதினார். மின்னஞ்சலின் அடியில் ஒரு வரி: சந்தனத்தை இனி நொதித்தல் சரக்காக எடுக்கிறோம், வேறு சிலதும் அந்தப் பக்கம் போகலாம் என்று. சந்தனம் நாங்கள் செய்வதில்லை. அந்த "வேறு சிலது" தான் வயிற்றைக் கலக்குகிறது.

பரம்பரையலகு மாற்றிய ஈஸ்ட்டுக்குச் சீனி கொடுத்தால் அது வாசனைப் பொருளை விடுமாம். இது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? இலை எண்ணெய்க்கு ஆபத்தா? தேடிப் பார்த்தால் ஒரு பக்கம் "உலகமே மாறப் போகிறது" என்கிறார்கள், மறு பக்கம் "நஞ்சு" என்கிறார்கள். விபரமாகச் சொல்ல ஆள் இல்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கோ.

குடுவை எழுதியது:

அண்ணா, நான் நொதித்தல் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

உங்கள் ஆள் சொன்னது உண்மை. நெதர்லாந்தில் ஐசோபயோனிக்ஸ் என்று ஒரு கொம்பனி, 2019 இல் ஜெர்மன் இரசாயனக் கொம்பனி பிஏஎஸ்எப் அதை வாங்கியது, 2020 இல் சந்தனத்தின் முக்கிய வாசப் பொருளான சந்தலோல் நொதித்தல் சரக்காகச் சந்தைக்கு வந்தது. அவர்கள் ஈஸ்ட் பாவிப்பதில்லை, ரோடோபக்டர் என்ற பற்றீரியாவைப் பாவிக்கிறார்கள். தோடம்பழ வாசம் தருகிற வலென்சீன், கிறேப்புருட் வாசம் தருகிற நூட்கட்டோன் இரண்டும் அதற்கு முதலே வந்துவிட்டன. பச்சோலி இலை எண்ணெய்க்கு மாற்றாக பிர்மெனிச் என்ற சுவிஸ் வாசனைக் கொம்பனி 2014 இல் கிளியர்வுட் என்று ஒன்றை இறக்கியது, அது ஈஸ்ட் சரக்கு. திமிங்கில அம்பர் வாசத்துக்குக் கரும்புச் சீனியில் இருந்து நொதித்தெடுத்த பார்னசீன் என்ற எண்ணெய்ப் பொருளை வைத்து, இன்னொரு சுவிஸ் கொம்பனியான ஜிவோடான் 2019 இல் அம்புரொபிக்ஸ் செய்தது. ஆகவே ஆய்வுகூடக் கதை என்று தள்ளிவிட முடியாது. நல்ல சென்ற் போத்தல் பாவிக்கிறவர்கள் பலர் இதைத் தெரியாமலே பூசிக்கொண்டு திரிகிறார்கள்.

எப்படி நடக்கிறது என்றால், ஈஸ்ட்டுக்குள் ஏற்கெனவே ஒரு பாதை ஓடுகிறது. சீனியை உடைத்துப் படிப்படியாகப் பதினைந்து காபன் உள்ள ஒரு துண்டைச் செய்து, அதை வைத்துத் தன் கலமென்சவ்வுக்கு வேண்டிய எர்கொஸ்டெரோலைக் கட்டுகிறது. நம் உடம்பு கொலஸ்ட்ரோல் செய்வதும் இதே பாதையில் தான், கொலஸ்ட்ரோலுக்குத் தருகிற ஸ்டற்றின் குளிசை போய் அடைக்கிற இடமும் அதில் தான் இருக்கிறது. சந்தன மரமும் அதே பதினைந்து காபன் துண்டை எடுத்து, ஒரு நொதியத்தால் மடித்துச் சந்தலீன் ஆக்கி, இன்னொன்றால் ஒட்சிசன் ஏற்றிச் சந்தலோல் ஆக்குகிறது. அந்த நொதியங்களுக்குரிய பரம்பரையலகுகளை நுண்ணுயிருக்குள் வைத்து, எர்கொஸ்டெரோல் பக்கம் போகிற ஓட்டத்தை நெரித்து, இந்தப் பக்கம் திருப்பிவிட வேணும். சொல்வதற்கு லேசு. ஒரு கிருமியைப் பல வருடம் பழக்கினால் தான் லீற்றருக்குச் சில மில்லிகிராமில் இருந்து பத்துக் கிராம், நூறு கிராமுக்கு ஏறும். பார்னசீனில் லீற்றருக்கு 130 கிராமைத் தாண்டினார்கள், 2016 இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அது தான் இந்தத் துறையின் உச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். மற்றது எல்லாம் அந்த இடத்துக்கு வரவில்லை.

உங்கள் இலை எண்ணெய்க்கு வருகிறேன், முதலில் இதை அனுப்பிவிடுகிறேன்.

பம்பலப்பிட்டி_மச்சான் எழுதியது:

அப்போ அப்ப மாவுக்குக் கள்ளு விட்டுப் புளிக்க வைக்கிற மாதிரி தானே? இதுக்கு ஏன் இவ்வளவு பயம்.

குடுவை எழுதியது:

அதே ஈஸ்ட் இனம் தான், அதுவரை சரி. ஆனால் அப்ப மாவில் வேறு கிருமி நாலு சேர்ந்தால் புளிப்புக் கொஞ்சம் மாறும், அவ்வளவு தான். இங்கே ஒரு லட்சம் லீற்றர் தொட்டிக்குள் வெளிக்கிருமி ஒன்று புகுந்தால் முழுச் சரக்கும் சாக்கடைக்குப் போகும்.

சரி, கராம்பு வாசத்தைத் தருகிற யூஜினோல். கறுவா இலை எண்ணெயில் முக்கால் பங்கும் அதற்கு மேலும் யூஜினோல் தான், அண்ணாவுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். இதை நுண்ணுயிரைக் கொண்டு செய்வதில் இரண்டு சிக்கல். ஒன்று, யூஜினோல் கிருமியைக் கொல்லுகிற சாமான். பல்லு வைத்தியர் கராம்புத் தைலம் வைப்பதற்கு, வலியை அடக்குவதோடு அதுவும் ஒரு காரணம். தொட்டிக்குள் அது சேரச் சேர, செய்கிற ஈஸ்ட்டே செத்துவிடும். வனிலா வாசத்தைத் தருகிற வனிலினுக்கும் இதே பிரச்சினை இருந்தது. 2009 இல் ஒரு குழு அதற்கு நல்ல வழி கண்டது: செய்த வனிலினோடு உடனே ஒரு குளுக்கோசை ஒட்டிவிடுகிற நொதியத்தையும் ஈஸ்ட்டுக்குள் வைத்தார்கள். குளுக்கோஸ் ஒட்டியதும் நஞ்சு குறைகிறது. வனிலாக் கொடியும் பச்சைக் காயில் அதைத்தான் செய்கிறது. பச்சைக் காயை முகர்ந்து பார்த்தால் வாசமே இராது. வெந்நீரில் முக்கி, வியர்க்க வைத்து, வாரக்கணக்கில் காயப் போடும்போது தான் குளுக்கோஸ் கழன்று வனிலின் வெளியே வரும்.

இரண்டாவது சிக்கல் விலை. பட்டை உரித்த பிறகு தோட்டத்தில் கிடக்கிற இலையும் கொப்பும் தான் உங்கள் மூலப்பொருள். அதோடு சீனியும் மின்சாரமும் துருப்பிடியாத உருக்குத் தொட்டியும் போட்டி போட முடியாது. இந்தோனேசியாவின் கராம்பு இலை எண்ணெய் தான் உங்கள் எதிரி, அது பழைய எதிரி.

செடியில் துளி அளவில் மட்டும் இருந்து, விலை கூடி, வரத்து நிச்சயம் இல்லாத பொருளைப் பிடிக்கத்தான் இந்தக் கொம்பனிகள் அலைகின்றன. நூட்கட்டோன் அப்படி. சந்தனமும் அப்படி, மரம் வைரம் ஏறப் பல வருடம் காத்திருக்க வேணும். லிமனீனை எவரும் இப்படிச் செய்து விற்க முடியாது, தோடம்பழச் சாறு பிழிகிற ஆலையில் தோலில் இருந்து அது சும்மா வருகிறது.

மருதானை_அத்தர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லோருக்கும். நான் அத்தர் விற்கிறவன். அந்த நொதித்தல் சந்தனம் ஒரு சிறிய குப்பி எனக்கு ஒரு முகவர் மூலம் கிடைத்தது, பூசிப் பார்த்தேன். இடது மணிக்கட்டில் அது, வலதில் என்னிடம் இருந்த மைசூர்ச் சரக்கு. தொட்ட உடனே இரண்டும் சந்தனம் தான், பழக்கமில்லாத ஆளுக்கு வித்தியாசம் பிடிபடாது. அஸருக்குப் போய் வந்து மணந்து பார்த்தால் மைசூர்ச் சரக்கில் பால் மாதிரி ஒரு கொழுப்பு வாசமும் அடியில் கொஞ்சம் புளிப்பும் நின்றது, மற்றதில் சுத்தமான மர வாசம் மட்டும். குறை சொல்லவில்லை, அழகான வாசம் தான். ஆனால் தட்டை.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது, நானா இது அசல் தானே என்று. அவர்களுக்கு இதை அசல் என்று சொல்லி விற்க என் மனம் ஒப்பாது. சவர்க்காரக் கொம்பனிக்கு அந்தக் கவலை இல்லை, அவர்கள் எடுப்பார்கள்.

குடுவை எழுதியது:

நானா பிடித்த இடம் சரி. சந்தன எண்ணெய்க்கான ஐஎஸ்ஓ தரத்தில் அல்பா சந்தலோல் 41 முதல் 55 சதவீதம், பீற்றா சந்தலோல் 16 முதல் 24 சதவீதம் என்று இருக்கிறது. மிச்சத்தில் சின்னச் சின்னச் சாமான் எத்தனையோ. நுண்ணுயிர் முக்கியமான சிலதைத் தருகிறது, அந்த மிச்சத்தைத் தராது.

மருதானை_அத்தர் எழுதியது:

அப்படியென்றால் ஊதுக்கு, அதாவது அகில் வாசத்துக்கு, என்ன சொல்கிறீர்கள்? அதில் மரமே தனியாகச் செய்வதில்லையே. நம் நாட்டு வல்லப்பட்டை மரத்தை வெட்டி மணந்தால் வெறும் வெள்ளைக் கட்டை. பூஞ்சணம் பிடித்து, மரம் அதை எதிர்த்துப் பிசின் விட்டால் தான் கறுத்து வாசம் வரும். அந்தக் கறுத்த துண்டுக்காகத்தான் காட்டில் மரத்தை அழிக்கிறார்கள், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பயணப் பையோடு பிடிபடுகிறார்கள். தொட்டியில் ஊது செய்ய முடியும் என்றால் நான் முதல் ஆளாக ஆதரிப்பேன், மரமாவது தப்பும்.

குடுவை எழுதியது:

ஊது எண்ணெய் ஒரு பெரிய கூட்டம் நானா. அந்தப் பதினைந்து காபன் துண்டில் இருந்து வருகிற செஸ்குவிதர்பீன் வகை ஒரு பக்கம், குரோமோன் என்ற வேறு வகை ஒரு பக்கம். ஒன்றிரண்டை நுண்ணுயிரைக் கொண்டு செய்யலாம், முழு வாசத்தை இப்போதைக்கு எதிர்பார்க்காதீர்கள்.

மண்வாசனை எழுதியது:

எல்லாரும் தொழில்நுட்பத்தைப் பார்த்து வாய் பிளக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்வி இது: பரம்பரையலகு மாற்றிய கிருமி செய்த சரக்கை "இயற்கைச் சுவையூட்டி" என்று எப்படி விற்கிறார்கள்? மடகஸ்காரில் ஒவ்வொரு வனிலாப் பூவையும் காலையில் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிற விவசாயியும், உருக்குத் தொட்டியும் ஒரே பெயரில் கடையில் நிற்பது அநியாயம் இல்லையா? 2014 அளவில் எவோல்வா என்ற சுவிஸ் கொம்பனி ஈஸ்ட் வனிலினை இறக்கப் போனபோது பிரெண்ட்ஸ் ஒப் த ஏர்த் என்ற சூழல் அமைப்பு ஐஸ்கிறீம் கொம்பனிகளைப் பிடித்துப் பிரசாரம் செய்தது சும்மா இல்லை. நம் ஊரிலும் கறுவாவுக்கு நாளை இதுதான் நடக்கும்.

குடுவை எழுதியது:

பெயர் விஷயத்தில் உங்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தில், தாவர, விலங்கு, நுண்ணுயிர் மூலத்தில் இருந்து பௌதிக, நொதிய அல்லது நுண்ணுயிர் முறையால் எடுத்த, இயற்கையிலும் இருக்கிற பொருள் என்றால் அது இயற்கைச் சுவையூட்டி. கிருமியின் பரம்பரையலகு மாற்றப்பட்டதா என்று அந்த வரைவிலக்கணம் கேட்கவே இல்லை. கடைசிச் சரக்கில் கிருமி இராது, வடித்துக் காய்ச்சி எடுத்துவிடுவார்கள், அதனால் மரபணு லேபலும் வராது. வாங்குகிற ஆளுக்கு இது தெரியவேணும் என்று தான் நானும் நினைக்கிறேன், சரக்கில் நஞ்சு எதுவும் இல்லாவிட்டாலும் கூட.

ஆனால் மடகஸ்கார் விவசாயியின் வயிற்றில் அடித்தது ஈஸ்ட் என்று சொல்லாதீர்கள். உலகத்துக்கு வனிலின் 2018 இல் ஏறத்தாழ 37,000 தொன் தேவைப்பட்டது. காயில் இருந்து வருவது அதில் ஒரு சதவீதமும் இல்லை. பெரும்பகுதி குவாயகோலில் இருந்து செய்கிற பெற்றோலியச் சரக்கு, கொஞ்சம் மரக்கூழ் லிக்னின். அரிசித் தவிட்டு பெரூலிக் அமிலத்தைப் பற்றீரியாவுக்குக் கொடுத்து "இயற்கை வனிலின்" செய்வதும் பல வருடமாக நடக்கிறது. ஈஸ்ட் வனிலின் வந்து முட்டுவது இவற்றோடு தான். 2021 இல் எடின்பரோவில் பழைய பெட் போத்தல் பிளாஸ்ரிக்கில் இருந்தே ஈகோலை பற்றீரியாவைக் கொண்டு வனிலின் எடுத்துக் காட்டினார்கள், அந்த ஐஸ்கிறீமை எவர் சாப்பிடுவார் என்று பிறகு பார்ப்போம்.

நான்காம்_குறுக்கு எழுதியது:

இடையில் ஒன்று. யூஜினோலில் இருந்தும் வனிலின் செய்கிறார்கள். "கராம்பு வழி" என்று அதற்குத் தனி விலை. எங்களிடம் எடுக்கிற எண்ணெயில் ஒரு பகுதி அந்த வழிக்குப் போவதாக ஒரு வாங்குநர் சொல்லியிருக்கிறார். அதாவது மண்வாசனை தம்பி, வனிலாக் காயோடு போட்டி போடுகிறவர்களில் நம் இலை எண்ணெயும் ஒன்று. இதில் எவரைப் பார்த்து எவர் அநியாயம் என்பது?

மண்வாசனை எழுதியது:

இலையாவது ஒரு தோட்டத்தில் இருந்து வருகிறது அண்ணா. காசு ஒரு குடும்பத்துக்குப் போகிறது. எனக்கு வித்தியாசம் அதுதான்.

பேராதனைக்காரி எழுதியது:

காசு யாருக்குப் போகிறது என்று வந்துவிட்டபடியால் ஆட்டெமிசினின் கதையைச் சொல்ல வேணும். வாசனைப் பொருள் இல்லை, மலேரியா மருந்து, ஆனால் பாதை அதே பாதை. பேர்க்லியில் ஜே கீஸ்லிங் குழு 2006 இல் ஈஸ்ட்டில் அந்த மருந்துக்கு முந்திய படியான ஆட்டெமிசினிக் அமிலம் செய்தது, பிறகு லீற்றருக்கு 25 கிராம் வரை ஏற்றினார்கள். சனோபி என்ற பிரெஞ்சு மருந்துக் கொம்பனி 2013 இல் இத்தாலியில் ஆலையில் செய்யத் தொடங்கியது. இனி செடி நடுகிறவர்கள் ஒழிந்தார்கள் என்று எல்லாரும் எழுதினார்கள். நடந்தது என்ன? செடிச் சரக்கின் விலை கிலோ 250 டொலருக்குக் கீழே விழுந்தது, ஈஸ்ட் சரக்கு இலாபமே வைக்காமல் 350 முதல் 400 டொலர். ஆலையை விற்றுவிட்டார்கள். சீனாவிலும் வியட்நாமிலும் கிழக்கு ஆபிரிக்காவிலும் செடி நட்டவர்கள் வென்றார்கள் என்று சொல்லலாம், ஆனால் அந்த விலைக்கு விற்றவர்களிடம் அது வெற்றியா என்று கேட்டுப் பாருங்கள்.

கொம்பனிகளும் நிம்மதியாக இல்லை. அமிரிஸ் என்ற அமெரிக்கக் கொம்பனி பிரேசிலில் புரோட்டாஸில் பெரிய ஆலை போட்டுப் பார்னசீனை டீசலாக விற்கக் கனவு கண்டது, அந்த விலைக்கு வராததால் முகக்கிறீம் பக்கம் திரும்பியது, 2023 ஓகஸ்டில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டது. எவோல்வாவின் தொழிலையும் அந்த வருடக் கடைசியில் கனடாவின் லலெமண்ட் குழுமம் வாங்கிவிட்டது. கிருமி நன்றாகத்தான் வேலை செய்தது, கணக்கு உதைத்தது.

செடி விலை நிலையாக இருந்தால் வாங்குகிறவன் தொட்டியைத் திரும்பிப் பார்க்க மாட்டான். வனிலா 2018 இல் கிலோ 600 டொலர் வரை போனது, பிறகு சரிந்தது. அப்படி ஆடுகிற சரக்கில் தான் வாங்குகிறவன் வேறு வழி தேடுகிறான்.

பழைய_பெட்டி எழுதியது:

பிள்ளைகளே, இதெல்லாம் புதுக்கதை மாதிரி எழுதுகிறீர்கள். தெற்கில் சிற்றனெல்லாப் புல்லுக்கு என்ன நடந்தது என்று தெரியுமா? ஒரு காலத்தில் சிலோன் சிற்றனெல்லா எண்ணெய் என்றால் உலகம் முழுக்கச் சவர்க்காரத்துக்குப் போனது. மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கம் மலைச்சரிவு எல்லாம் பெங்கிரிப் புல். நாம் வைத்திருந்தது லெனபட்டு வகை. மகா பெங்கிரி என்ற மற்ற வகை ஜாவாவில் பெருந்தோட்டமாக வளர்ந்தது, அதில் வாசம் தருகிற சிற்றனெல்லால் அதிகம். பிறகு செயற்கைச் சரக்கு. நம் எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து அனுப்பிப் பெயரைக் கெடுத்தவர்களும் இருந்தார்கள். ஈஸ்ட்டும் இல்லை, பரம்பரையலகும் இல்லை, தொழில் படுத்துவிட்டது. எண்ணெயை மூலக்கூற்றின் வீதம் பார்த்து வாங்குகிறவனிடம் விற்றால் அந்த வீதம் கூடின சரக்கு எங்கே இருந்து வந்தாலும் அவன் அங்கே போவான். அதுதான் வியாபாரம்.

பட்டைக்கு அந்தப் பயம் குறைவு. சி5, அல்பா என்று தரம் பிரித்து, கையால் உருட்டி அடுக்கின குழலை எந்தத் தொட்டியும் செய்யாது. 2022 இல் ஐரோப்பாவில் சிலோன் கறுவாவுக்குப் புவியியல் குறியீடும் கிடைத்தது.

பம்பலப்பிட்டி_மச்சான் எழுதியது:

ஐயா சொல்வது சரி. அப்ப நாமே இங்கே ஒரு தொட்டி போட்டால் என்ன? சாராயம் வடிக்கிற நாடு தானே, நொதித்தல் நமக்குத் தெரியாததா.

குடுவை எழுதியது:

சீனியில் பெரும்பகுதி இறக்குமதி. இருக்கிற கரும்புப் பாகு வடிசாலைக்கே போதாது. அது போகட்டும், மின்சாரத்தைப் பாருங்கள். இந்தக் கிருமிகள் இரவு பகலாக ஒட்சிசன் குடிக்கும், கலக்கி நின்று சில நிமிடத்தில் கரைந்த ஒட்சிசன் பூச்சியத்துக்கு வரும், ஈஸ்ட் வாசனையை விட்டுவிட்டு மதுசாரம் செய்யத் தொடங்கும். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. அந்தக் கிழமை நாங்கள் வைத்திருந்தது ஐந்து லீற்றர்ச் சின்னத் தொட்டி தான், ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை, திறந்தபோது கள்ளுத்தவறணை வாசம். அதையே ஒரு லட்சம் லீற்றரில் நினைத்துப் பாருங்கள்.

சின்ன அளவில் நொதியத்தை மட்டும் பாவித்து, நம் யூஜினோலையே இன்னும் விலை கூடின ஒன்றாக மாற்றுவது வேறு விஷயம். அதற்கு இவ்வளவு முதலீடு வேண்டாம், பொறுமையும் ஆளும் வேணும்.

நான்காம்_குறுக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த வாங்குநருக்கு எழுதி, "வேறு சிலது" எவை என்று பெயர் பெயராகக் கேட்கப் போகிறேன். இலை எண்ணெய் இல்லை என்றால் அந்த மட்டில் நிம்மதி. பட்டை எண்ணெய் தான் இப்போது யோசனை. அதன் வாசத்தைத் தருவது சினமல்டிகைட், செயற்கையாகச் செய்த அதைக் கலந்த சரக்கு ஏற்கெனவே சந்தையில் ஓடுகிறது. நாளைக்கு நொதித்தல் சினமல்டிகைட்டும் வந்து கலந்தால் எங்கள் சரக்கு சுத்தம் என்று எப்படிக் காட்டுவது? எண்ணெயின் கூறுகளைப் பிரித்துக் காட்டுகிற குரோமற்றோகிராபி அறிக்கை போதுமா?

குடுவை எழுதியது:

சாதாரண அறிக்கை ஒரு அளவுக்குத்தான். அது என்ன மூலக்கூறு என்று சொல்லும், எங்கே இருந்து வந்தது என்று சொல்லாது. சின்னக் கூறுகளின் வரிசை ஒழுங்காக இருந்தால் அது உங்களுக்குச் சாட்சி. அதோடு காபன்-13, அதாவது காபனின் பாரம் கூடின வகை, எவ்வளவு வீதம் என்று கேளுங்கோ. கரும்பும் சோளமும் காற்றில் இருந்து காபன் பிடிக்கிற விதம் கறுவா மரத்தின் விதத்தில் இருந்து வேறு, அந்தச் சீனி தின்ற கிருமியின் சரக்கிலும் அந்த அடையாளம் அப்படியே இருக்கும். ஆகவே கரும்புச் சீனிச் சரக்கு கலந்தால் வீதம் நன்றாக விலகி நிற்கும், லேசாகப் பிடிக்கலாம். பெற்றோலியச் சரக்கு அப்படி இல்லை, அதன் காபன்-13 கறுவாவுக்குக் கிட்ட வரும், அதற்குக் காலப்போக்கில் அழிந்துபோகிற காபன்-14 வகையைப் பார்க்க வேணும், மிகப் பழைய பெற்றோலியத்தில் அது இராது.

மருதானை_அத்தர் எழுதியது:

சோளம் கொடுக்காமல் கோதுமை, பீற்றூட் சீனி கொடுத்தால்?

குடுவை எழுதியது:

அப்போது கறுவாவும் அதுவும் ஒரே பக்கம் விழும் நானா, காபனால் பிரிக்க முடியாது. சின்னக் கூறுகளைத்தான் நம்ப வேணும். அண்ணா, ஒவ்வொரு தொகுதியிலும் ஐம்பது மில்லியை இருட்டுக் குப்பியில் அடைத்து, தோட்டத்தின் பெயரும் வடித்த திகதியும் எழுதிச் சீல் வைத்து எடுத்து வையுங்கோ. எவராவது சந்தேகம் கிளப்பினால் அதை வைத்துத்தான் ஒப்பிட்டுக் காட்டலாம்.